மழைக்கு முன் மெழுகு



மழைக்காலத்தில் அரிசி, பருப்பு முதலியவற்றைப் பூச்சி அண்டாமல் காக்கும் முறை பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். இத்திங்கள் அடுக்களையை விட்டு வாசலுக்கு வருகிறேன். செம்பூரிலிருந்து ஓர் அன்பர் விடுத்த கடிதமே அதற்குக் காரணம்.

அவர் எட்டாண்டுகள் ஓடிய கார் ஒன்றை வங்கிக் கடன் பெற்று வாங்கியிருக்கிறார். கருநிறக் கார். தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிச் சீமையினின்று மும்பைக்கு வந்த அக்குடும்பத்தில், சொந்தமாக ஒரு கார் வாசலில் நிற்பது இதுவே முதன்முறை. வாங்கிய பத்தாம் நாள் அதனை மெருகேற்றும் கடை ஒன்றுக்குக் கொண்டு சென்றார். 'செராமிக்' என்னும் பூச்சைப் பூசிக்கொண்டால் மூன்று ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று கூறிய கடைக்காரர், அதற்கு 28,000 ரூபாய் கேட்டார். வீடு திரும்பியதும் அன்பரின் மனைவியார், "இது நம் பெண்ணின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பருவத்துத் தொகையல்லவா? மெழுகு பூசினால் ஆகாதா?" என்று வினவினார். 'மெழுகு போதுமா? போதுமெனில் எவ்வகை மெழுகு? எத்தனை அடுக்குப் பூச வேண்டும்? மழை தொடங்குமுன் மறுமொழி கிடைத்தால் நலம்' என்று கடிதம் முடிகிறது.

வினா எளியது. ஆயினும் மறுமொழியை எழுதத் தொடங்கியபோது, வண்டியைக் கண்ணால் காணாமல் எழுதுவது முறையன்று என்று தோன்றிற்று. ஆகவே தாராவியில் வாழும் என் நண்பர் அண்ணாச்சியை உடனழைத்துக்கொண்டு, சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை செம்பூர் சென்றேன்.

அண்ணாச்சியைப் பற்றிச் சில சொற்கள் கூறியாக வேண்டும். அவர் நாற்பது ஆண்டுகள் இந்நகரில் டாக்சி ஓட்டியவர். அவற்றில் பெரும்பகுதி பிரீமியர் பத்மினி வண்டியோடு கழிந்தது. வால்சந்து ஹீராசந்து 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், நம் குர்லாவிலேயே தொழிற்சாலை நடத்தி வந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். 1964-இல் பியட் 1100 டிலைட் என்று வெளிவந்த வண்டியே 1974 முதல் பத்மினி என்னும் பெயரைப் பெற்றது. கரிய உடலும் மஞ்சள் கூரையுமாக இந்நகரின் தெருக்களில் ஓடிய அவ்வண்டிகளில் கடைசியாக ஒன்று 2003 அக்டோபர் 29-இல் தார்தேவ் அலுவலகத்தில் பதிவாயிற்று. டாக்சிகளுக்கு விதிக்கப்பட்ட 20 ஆண்டு வயது வரம்பு 2023 அக்டோபரில் அதனையும் எட்டிற்று. அத்துடன் பத்மினி டாக்சி இந்நகரச் சாலைகளினின்று விடைபெற்றது. அண்ணாச்சியும் இப்பொழுது வண்டி ஓட்டுவதில்லை. ஆனால் எந்த வண்டியைக் கண்டாலும் அதன் பானட்டின் மேல் புறங்கையை ஒரு முறை வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை.

அக்காலத்து வண்ணப் பூச்சு வேறு, இக்காலத்துப் பூச்சு வேறு. இவ்வேற்றுமையை முதலில் அறிந்துகொண்டால் மெழுகைப் பற்றிய குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். பத்மினி போன்ற பழைய வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் அடங்கியிருந்தன. வெயிலில் அப்பூச்சின் மேற்பரப்பு சுண்ணாம்பு போல வெளிறிப் பொடியாகும். பாலிஷ் இட்டுத் தேய்த்தால் பொடி போய், அடியிலிருந்து புதிய நிறம் தலைகாட்டும். தேய்க்கும் துணியில் வண்டியின் நிறம் ஒட்டிக்கொள்ளும். இக்கால வண்டிகளில் நிறம் அடியில் இருக்க, அதன்மேல் நிறமற்ற கண்ணாடி போன்ற ஒரு பூச்சு உள்ளது. கடைக்காரர்கள் இதனைக் 'கிளியர் கோட்' என்பர். தகட்டின் மேலுள்ள எல்லாப் பூச்சுகளையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 100 மைக்ரான் கனமே இருக்கும். அதில் இந்த நிறமற்ற பூச்சு 40 அல்லது 50 மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் கனம்கூட இல்லை! பாலிஷ் இட்டு அழுத்தித் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் இதில் சிறிது குறைகிறது. குறைந்தது மீண்டும் வளராது. மெழுகு பூசுவதன் நோக்கமே, தேய்வதும் கரைவதும் அரிக்கப்படுவதும் இந்த மேற்பூச்சாக இல்லாமல் மெழுகாக இருக்க வேண்டும் என்பதுதான். மெழுகை நாம் மறுபடியும் பூசிக்கொள்ளலாம் அல்லவா?

நம் நகரின் காற்றும் நீரும் வண்டிக்குப் பகைவர்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. கடற்காற்றின் உப்பு ஆண்டு முழுதும் உண்டு. செம்பூர் அன்பருக்கோ, மாகுலிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் துராம்பேயின் உரத் தொழிற்சாலையும் அண்டை வீட்டார். எரிபொருள்களின் கந்தகப் புகை ஈரத்தோடு கலந்தால் அமிலமாகும். மாட்டுங்கா, வடாலா பகுதிகளில் தூங்குமூஞ்சி மரங்களின் குளிர்ந்த நிழலைக் கண்டு வண்டியை அங்கே நிறுத்துகிறோம். மாலையில் வந்து பார்த்தால், அம்மரத்தில் வாழும் மாவுப்பூச்சிகள் சொரிந்த பிசுபிசுப்பான நீர் கூரையெங்கும் படிந்திருக்கிறது. பறவைகளின் எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் காய்ந்துவிட்டால் அது மேற்பூச்சில் வடுவை உண்டாக்கும். மெழுகு இருந்தால் இவற்றைத் துடைத்தெடுக்கச் சில மணி நேரம் அவகாசம் கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் அவகாசம் கிடைக்கும் என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டா.

இனி மெழுகின் வகைகளுக்கு வருவோம்.

கார்களுக்கு உரிய மெழுகுகளுள் புகழ் பெற்றது கார்னௌபா. அதனைத் தருவது ஒரு பனை என்று கேட்டால் நம் தூத்துக்குடி, திருநெல்வேலி அன்பர்கள் மகிழ்வார்கள். பிரேசில் நாட்டின் வடகிழக்கே வறண்ட நிலத்தில் வளரும் அம்மரத்துக்கும் நம் பனைக்கும் உறவுண்டு. இலையும் நம் பனையோலை போலவே விசிறி வடிவானது. கடும் வெயிலில் இலையின் ஈரம் வெளியேறாதபடி மரம் தானே தன் இலைமேல் மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலைகளை வெட்டிக் காயவைத்து அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை வெப்பத்தில் உருகிவிடும். கார்னௌபா உருகுவதற்கு 82 முதல் 86 பாகை வேண்டும். வெயிலில் நிற்கும் கருநிற வண்டியின் தகடு 60 பாகைக்கு மேல் சுடுகிறது. ஆதலின் தேன்மெழுகோ சாதாரண மெழுகுவத்தி மெழுகோ இங்கு நெடுநாள் நில்லாது என்பது விளங்கும். மெழுகுவத்தியை உருக்கித் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசலாமா என்று முன்னொரு வாசகர் கேட்டிருந்தார். பூசலாம். நகரத்துத் தூசி அனைத்தும் அவர் வண்டியைத் தேடி வரும்.

ஆனால் தூய கார்னௌபா செங்கல் போலக் கடினமானது. அதனை அப்படியே பூச இயலாது. எண்ணெய்களும் கரைப்பான்களும் பிற மெழுகுகளும் சேர்த்துத்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். சுவாமிமலைச் சிற்பிகள் செப்புத் திருமேனி வார்ப்பதற்கு முதலில் மெழுகால் உருவம் செய்கின்றனர் அன்றோ? அவர்களும் வெறுந்தேன்மெழுகைக் கொண்டு வேலை செய்வதில்லை. குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, கைக்கு இணங்குவதாகவும் உருவம் குலையாததாகவும் பதப்படுத்திக்கொள்கின்றனர். டப்பா மெழுகும் இத்தகைய கலவையே. ஆகவே 'நூறு விழுக்காடு கார்னௌபா' என்று டப்பாவின் மேல் கண்டால், அதிலுள்ள மெழுகுப் பகுதி முழுதும் கார்னௌபா என்று பொருள் கொள்ள வேண்டுமேயன்றி, டப்பா முழுதும் அதுவே என்று கொள்ளக்கூடாது. இவ்வகை மெழுகு கருநிறத்துக்கு ஆழ்ந்த, ஈரமான பொலிவைத் தரும். வறண்ட காலத்தில் இரண்டு மாதம் நிற்கலாம். மும்பை மழையில் சில வாரங்களே.

இரண்டாம் வகை, செயற்கைப் பல்படிச் சேர்மங்களால் ஆனது. கடையில் 'சீலன்ட்' என்று கேட்க வேண்டும். இது மேற்பூச்சின் மீது வெறுமனே படியாமல் அதனைப் பற்றிக்கொண்டு இறுகுகிறது. சலவைப் பொருளுக்கும் வெப்பத்துக்கும் மெழுகைக் காட்டிலும் அதிகம் ஈடு கொடுக்கும். நான்கு முதல் ஆறு மாதம் நிற்கும் என்பது பொதுவான கணக்கு. நம் மழையில் நான்கு என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. பொலிவு சற்றுக் கண்ணாடித்தனமாக இருக்கும். உழைப்பு என்று பார்த்தால் இதுவே மேல்.

மூன்றாவதாகிய செராமிக், சிலிக்கான் சேர்மங்களால் ஆகியது. காய்ந்தபின் கெட்டியான மெல்லிய படலமாகிவிடும். நன்கு பூசினால் ஓராண்டுக்கு மேலும் நிற்கும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கடைகளில் '9எச்' கடினம் என்று பெருமையாகக் கூறுகிறார்களே, அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவை. கல் வகைகளின் கடினத்தை அளக்கும் கணக்கன்று. சாலையில் தெறிக்கும் சரளைக் கல்லையும் பக்கத்து வண்டியின் கதவையும் அது தடுக்காது. பூசுமுன் வண்டியிலுள்ள கீறல்களை நீக்கியாக வேண்டும். இல்லையேல் கீறல்களும் படலத்தின் அடியில் நிலைபெற்றுவிடும். கடைக்காரர் கேட்கும் பணத்தில் பெரும்பகுதி இந்தக் கீறல் நீக்கும் கூலியே. புதிய வண்டி வாங்கி, பணமும் உள்ளவர்கள் அதனைச் செய்துகொள்வதில் தவறொன்றும் இல்லை.

இப்பொழுது அடுக்கு. இவ்விடத்தில் என் பழைய அறியாமை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதன்முதலாகக் கார் வாங்கிய புதிதில், ஓர் அடுக்குப் பூசினால் இரண்டு மாதம் நிற்குமெனில் ஐந்து அடுக்குப் பூசினால் பத்து மாதம் நிற்கும் என்று பள்ளிப் பிள்ளைபோல் கணக்கிட்டேன். ஒரே நாளில், அதுவும் மே மாத நண்பகலில், மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் முன்னால், ஐந்து முறை பூசினேன். பூசியது வெயிலில் உடனே காய்ந்து அப்பளம் போல ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துடைக்க மேகம் படர்ந்தாற்போல் மங்கலாயிற்று. மாலையில் மூத்த பெண்மணி ஒருவர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வண்டிக்குக் கோலம் போட்டிருக்கிறீர்களா?" என்றார்.

அடுக்கு எனும்போது செட்டிநாட்டு வீடுகளின் சுவர் நம் நினைவுக்கு வருவது இயல்பு. சுண்ணாம்புக் காரையைப் பல படலங்களாகப் பூசி, இறுதியில் முட்டை வெண்கரு சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகிடுவர். அங்கே ஒவ்வொரு படலமும் காற்றோடு சேர்ந்து கல்லாக இறுகுகிறது. மேலே வருவது கீழே இருப்பதைக் கரைப்பதில்லை. மெழுகு அத்தகையதன்று. இரண்டாம் முறை பூசும் மெழுகிலுள்ள கரைப்பான், முன்பு பூசிய மெழுகை இளக்கித் தன்னோடு கலந்துகொள்கிறது. துடைக்கும்போது மிகுந்தது எல்லாம் துணியோடு போய்விடுகிறது. தகட்டின்மேல் தங்குவது ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலமே. ஐந்து முறை பூசினாலும் அதுதான், ஐம்பது முறை பூசினாலும் அதுதான்.

அங்ஙனமாயின் இரண்டாம் அடுக்கு வீணா என்று கேட்பீர்கள். வீணன்று. நாம் எவ்வளவு கவனமாகப் பூசினாலும் முதல் முறையில் சில இடங்கள் விடுபட்டுவிடும். கைப்பிடியின் அடிப்புறம், கூரையின் நடுப்பகுதி, கதவின் கீழ்விளிம்பு ஆகியவற்றில் இது வழக்கம். இரண்டாம் அடுக்கு அவ்விடங்களை நிரப்புகிறது. அதற்காக முதல் அடுக்குக் குறைந்தது 12 மணி நேரம், இயன்றால் ஒரு நாள் முழுதும் இறுக வேண்டும். அதுவரை நீர் படலாகாது. மூன்றாம் அடுக்கால் மனநிறைவு கிடைக்கும். வேறொன்றும் கிடைக்காது.

இரு வகைகளைச் சேர்த்துப் பூசுவோர் வரிசையை மாற்றிவிடக் கூடாது. முதலில் சீலன்ட், அதன்மேல் கார்னௌபா. சீலன்ட் பற்றிக்கொள்வதற்கு வெறும் மேற்பூச்சு வேண்டும். கீழே மெழுகின் எண்ணெய் இருந்தால் பிடிப்பு இன்றி வழுக்கிவிடும். இரண்டு அடுக்கு சீலன்ட், அது நன்கு இறுகிய மறுநாள் ஓர் அடுக்குக் கார்னௌபா. நம் நகரத்துக்கு இதுவே போதுமானது என்பது என் துணிபு. மேலே உள்ள மெழுகு மழையில் முதலில் தேயும். அது தேயும் வரை கீழே உள்ளது தேயாது.

இன்னொரு பொறி உண்டு. 'அழுக்கு நீக்கும், மெருகிடும், மெழுகும் பூசும்' என்று மூன்று பணிகளையும் ஒரே புட்டியில் அடைத்து விற்பார்கள். அதில் நுண்ணிய தேய்க்கும் பொடி கலந்திருக்கும். அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் அதை அடுக்கடுக்காகப் பூசினால், ஒவ்வொரு முறையும் பொடியானது முன்னதைச் சுரண்டி எறிந்துவிடும். அடுக்குவதற்கு வாங்கும் புட்டியில் தேய்க்கும் பொடி இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

செம்பூருக்கு வருவோம். காலை ஏழரை மணி. கட்டடத்தின் நிழல் வண்டியின் மேல் இருந்தது. அன்பரின் மனைவியார் காபி கொண்டுவந்து தந்தார். அண்ணாச்சி காபியைக் கையில் வைத்துக்கொண்டே வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். பின்பு ஒரு சிறு செம்பில் நீர் வாங்கிக் கூரையின்மேல் ஊற்றினார். அங்கே உள்ளங்கையளவில் வெளிறிய திட்டுகள் மூன்று இருந்தன. நீர் பட்டதும் அவை மறைந்து, கூரை முழுதும் கன்னங்கரேல் என்று ஆயிற்று. அன்பர் முகம் மலர்ந்தது. "சரியாகிவிட்டதே!" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி, காயட்டும்" என்றார் அண்ணாச்சி.

ஐந்து நிமிடத்தில் நீர் காய்ந்தது. திட்டுகள் மூன்றும் மறுபடியும் தோன்றின. அண்ணாச்சி அன்பரின் கையைப் பிடித்து, நகத்தைத் திட்டின் ஓரத்தில் வைத்து மெல்ல இழுக்கச் செய்தார். விளிம்பு ஒன்று தட்டுப்பட்டது. நிறமற்ற மேற்பூச்சு அவ்விடத்தில் உரிந்தே போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

"தோல் போன இடத்துல எண்ணெய் தடவினா தோல் வந்திருமா? மெழுகும் வேண்டாம், செராமிக்கும் வேண்டாம். கூரைய மட்டும் பெயிண்ட் அடிக்கணும்" என்றார் அவர்.

அன்பர் வாடிப்போனார். "கடைக்காரர் கூரையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையே!" என்றார். அவருடைய மனைவியார் ஒன்றும் கூறவில்லை. ஆனால் காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது அவர் கணவரைப் பார்த்த பார்வையை நான் கவனிக்காமல் இல்லை.

பிறகு கணக்குப் போட உட்கார்ந்தோம். பக்கத்துப் பெயிண்டர் ஒருவர் கூரைக்கு மட்டும் 7,000 ரூபாய் கேட்டார். சீலன்ட் புட்டி, மெழுகு டப்பா, ஷாம்பு, களிமண் கட்டி, அரை டஜன் மைக்ரோஃபைபர் துணிகள், இரண்டு வாளிகள் எல்லாம் சேர்ந்து 3,500 ரூபாய்க்குள் அடங்கும். ஆகமொத்தம் 10,500. எஞ்சிய 17,500 ரூபாய் குழந்தையின் கட்டணத்துக்கே போகட்டும் என்பது முடிவாயிற்று.

வேலைகளின் வரிசையில் கவனம் வேண்டும். பெயிண்ட் அடிக்கும் வேலை முதலில், மெழுகு பின்னர். பல மெருகுப் பொருள்களில் சிலிக்கோன் கலந்திருக்கிறது. அது சிறிது தங்கியிருந்தாலும் புதிய பெயிண்ட் அவ்விடத்தில் ஒட்டாமல் மீன்கண் போலக் குழிகுழியாக விலகும். முன்பே மெழுகு பூசிய வண்டியாயின் அதைப் பெயிண்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மழை தொடங்கிவிட்டால் காற்றின் ஈரத்தில் பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடக்கூடும். ஆகவே கூரை வேலையை மே மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். புதிதாக அடித்த கூரைக்கு உடனே மெழுகு பூசவும் கூடாது. பெயிண்டிலுள்ள கரைப்பான்கள் முழுதும் வெளியேறக் குறைந்தது 30 நாள் வேண்டும். சில உற்பத்தியாளர்கள் 90 நாள் வரை பொறுக்கச் சொல்கின்றனர். ஆகையால் இவ்வாண்டு மழையில் கூரை மெழுகின்றியே நனையட்டும். மற்ற பகுதிகள் அனைத்துக்கும் பூசிவிடலாம்.

பூசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் உண்மையில் பெரிய வேலை. நன்கு கழுவிய பின்னும், ஈரமான தகட்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையுறை போல் அணிந்து தடவிப் பாருங்கள். மணல்தாள் போல் நறநறவென்றால், இரும்புத் துகளும் சிமெண்டுத் தூசியும் மேற்பூச்சில் பதிந்திருக்கின்றன என்று பொருள். அவற்றைத் துணியால் எடுக்க இயலாது. ஜப்பானில் தோன்றிய 'கிளே' என்னும் களிமண் போன்ற கட்டியை, ஷாம்பு நீர் தெளித்த தகட்டின்மேல் அழுத்தாமல் வழுக்கினால் அவற்றைப் பறித்தெடுக்கும். கட்டி கை தவறிக் கீழே விழுந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள். விலையைப் பார்த்து மீண்டும் பயன்படுத்தினால் அதில் ஒட்டிய மணல் வண்டியைக் கீறிவிடும். பிறகு நிழலில், தகடு குளிர்ந்திருக்கும் வேளையில், ஒரு பானட்டுக்கு ஒரு சுண்டைக்காய் அளவு சீலன்ட் எடுத்து மெல்லியதாகத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படலம் இருந்தால் அது அதிகம். அதிகமானது வீணாவதோடு, துடைப்பதற்கும் தோள்வலி தரும்.

கீறல்களைப் பற்றி அண்ணாச்சி ஒன்று கூறினார். நான் அதுவரை அதனை அவ்வளவாக எண்ணிப் பார்த்ததில்லை. வெயில் வந்த பிறகு அவ்வண்டியின் கதவில் சிலந்தி வலை போல் வட்ட வட்டமாக நுண்கீறல்கள் தெரிந்தன. "இது வெயில் செஞ்சதில்ல தம்பி. காலையில துடைக்கிற துணி செஞ்சது" என்றார்.

நம் கட்டடங்களில் விடியற்காலை நான்கு மணிக்கே ஒரு தொழிலாளி வந்து, ஒரு வாளி நீரில் இருபது வண்டிகளைத் துடைத்துவிட்டுப் போகிறார். பத்தாவது வண்டிக்கு வருமுன் அந்நீர் சேறாகிவிடுகிறது. அதே துணி, அதே மணல். பல இடங்களில் சலவைத் தூளையும் கரைத்துக்கொள்கிறார்கள். அது நாம் பூசிய மெழுகை வழித்தெடுத்துவிடும். சில டாக்சிக்காரர்கள் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக்குவார்கள். தாமும் இளமையில் அதைச் செய்ததுண்டு என்று அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். அதனாலும் மெழுகு கரைந்துபோகும்.

இதற்கு அத்தொழிலாளியைக் கடிந்துகொள்வது நியாயமாகாது. ஒரு வண்டிக்கு மாதம் சில நூறு ரூபாய் தருகிறோம். வாளியும் நீரும் துணியும் அவர் பொறுப்பு என்கிறோம். செம்பூர்க் கட்டடத்தில் துடைப்பவர் பீகாரிலிருந்து வந்த இளைஞர். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே வாளியுடன் அங்கு வந்தார். அன்பர் அவரிடம் இரண்டு புதிய துணிகளையும் தனி வாளியையும் தருவதாகச் சொன்னார். உலர்ந்த தூசியின்மேல் ஒருபோதும் துணி வைக்க வேண்டாம், முதலில் ஒரு குவளை நீரூற்றித் தூசி வழிந்தபின் துடைத்தால் போதும், நாள்தோறும் துடைக்க வேண்டியதுமில்லை, வாரம் இரு முறை போதும், கூலி அதேதான் என்றும் இந்தியில் விளக்கினார். அவ்விளைஞர் நம்பாதவர் போல் இரண்டு முறை கேட்டார், "பைசா உத்னா ஹி?" என்று. ஆம், அதே பணம்தான்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். தான்சா, பாட்சா ஏரிகளிலிருந்து வரும் மாநகராட்சி நீர் மென்மையானது. அதில் கழுவினால் கறை படிவதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீரும் அப்படியல்ல. அவை தகட்டின்மேல் முத்து முத்தாக நின்று காய்ந்தால், ஒவ்வொரு முத்தும் வெண்ணிற வளையமாகிவிடும். மெழுகு நன்கு பூசிய வண்டியில் நீர் முத்தாவது அழகுதான். ஆயினும் அம்முத்துகளைத் துடைக்காமல் வெயிலில் விடக்கூடாது. அன்றியும், முத்தாக நிற்பதை மட்டும் வைத்து மெழுகு இருக்கிறதென்று முடிவு செய்யக் கூடாது. தூசி மண்டிய வண்டியில் நல்ல மெழுகின்மேலும் முத்து தோன்றாது. கழுவிப் பார்த்த பின்னரே கூற வேண்டும். குடிநீர்க் குழாயில் ரப்பர்க் குழல் மாட்டி வண்டி கழுவும் வழக்கத்தை, ஏரிகள் வற்றும் இம்மாதத்திலாவது நம்மவர் கைவிட வேண்டும். இரண்டு வாளி நீர் ஒரு வண்டிக்குத் தாராளம். ஒன்றில் ஷாம்பு, மற்றொன்றில் துணி அலசுவதற்குத் தெளிந்த நீர்.

மழைக்கு முன் பூசியது செப்டம்பர் இறுதியில் ஏறக்குறையத் தீர்ந்திருக்கும். அப்போது மறுபடியும் கழுவி, பிளாஸ்டிக் பை சோதனை செய்து, ஓர் அடுக்கு சீலன்ட் பூசுங்கள். செம்பூர் அன்பர் அவ்வேளையில் புதிய கூரைக்கும் சேர்த்துப் பூசலாம். பனிக்காலத்தில் நேரம் கிடைக்கும்போது கார்னௌபா. ஆண்டுக்கு இரு ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு டப்பா மெழுகில் கால் பங்கும்தான் செலவு.

அந்தச் செப்டம்பர் வேலையை ஆயுத பூஜைக்கு முன்னரே முடித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அன்று நாம் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, எலுமிச்சம்பழம் வைக்கிறோம். மெழுகில்லாத வெளிர்நிற வண்டியில் குங்குமக் கறை சில நாள்களில் நிலைத்துவிடும். எலுமிச்சைச் சாறு வழிந்தால் அதுவும் அமிலமே. குங்குமத்தை முன்கண்ணாடியில் இடுங்கள். பானட்டில்தான் இட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் விரும்பினால், மெழுகு பூசிய பானட்டில் இட்டு, மறுநாள் காலையிலேயே நீரூற்றிக் கழுவிவிடுங்கள். செம்பூர் வீட்டுப் பாட்டியம்மாளிடம் இதைச் சொன்னபோது, "பானட்டில்தான் வைப்பேன், நானே கழுவியும் விடுகிறேன்" என்றார்.